செத்த வைரஸ் போதும் என்று நம்பியவர்

ஜோனஸ் சால்க் பற்றி நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு விஷயம்தான் தெரியும். போலியோ தடுப்பூசி கண்டுபிடிச்சார், அதுக்குக் காப்புரிமை வாங்கலை. இதில் இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டாக வந்து விழும். ஆனா போலியோவுக்கு வருவதற்கு முன்னாடி அந்த மனுஷன் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஃப்ளூ வைரஸோடு மல்லுக்கட்டினார் என்பது எந்த ஃபார்வர்டிலும் இருக்காது. அந்தப் பத்து வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால், அவர் ஏன் சாகும் வரைக்கும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டார் என்பது புரியாது.

பிறந்தது 1914 அக்டோபர் 28, நியூயார்க் நகரம். அப்பா ஆடைத் தொழிலில் இருந்தவர். அம்மா ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெண். இரண்டு பேருக்குமே பெரிய படிப்பு கிடையாது. மூன்று பையன்களில் ஜோனஸ் மூத்தவர். 15 வயதிலேயே நியூயார்க் சிட்டி காலேஜில் சேர்ந்துவிட்டார். அங்கே ஃபீஸ் கிடையாது. காசில்லாத வீட்டுப் புத்திசாலிப் பிள்ளைகளுக்கு அதுதான் கதி. முதலில் வக்கீலாகத்தான் ஆசை. என்கிட்டயே வாதாடி ஜெயிக்க முடியாத நீ கோர்ட்டில் என்ன பண்ணப்போற என்கிற மாதிரி அம்மா தடுத்துவிட்டாராம். வாதாடத் தெரியாத பையனா என்பதை மீதிக் கதையைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

1934-ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. அங்கே இரண்டாவது வருஷமோ என்னவோ, அடுத்தடுத்து இரண்டு லெக்சர் கேட்டதைச் சால்க் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முதல் லெக்சரில், டிப்தீரியாவுக்கும் டெட்டனஸுக்கும் அந்தக் கிருமிகளின் நச்சை வேதிப்பொருள் கொண்டு செயலிழக்க வைத்து ஊசியாகப் போட்டாலே பாதுகாப்பு வந்துவிடும், நோய் வர வேண்டியதில்லை என்று பாடம். அடுத்த லெக்சரில், வைரஸ் நோய்களுக்கு அந்தக் கதை நடக்காது, உடம்பு உண்மையான தொற்றை ஒரு தடவையாவது அனுபவித்தால்தான் எதிர்ப்பு சக்தி வரும் என்று பாடம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று சால்க் கேட்டார். கிடைத்த பதிலில் சாரமில்லை. நாமெல்லாம் இந்த மாதிரி இடத்தில் இன்டெர்னலுக்கு வருமா வராதா என்று மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவோம். அவர் மூடவில்லை.

அப்போது அந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர் தாமஸ் பிரான்சிஸ். அமெரிக்காவில் ஃப்ளூ ஆராய்ச்சியில் முன்னணி ஆள். மனிதர்களின் ஃப்ளூ வைரஸை லண்டனில் பிரித்தெடுத்தே 1933-ல்தான், அதாவது துறையே புத்தம் புதுசு. புற ஊதாக் கதிரால் ஃப்ளூ வைரஸைக் கொன்றுவிட்டு, அந்தச் செத்த வைரஸ் எலிக்கு எதிர்ப்பு சக்தி தருமா என்று பார்க்கும் வேலையில் மாணவர் சால்க் ஒட்டிக்கொண்டார். தந்தது. லெக்சரில் கேட்ட கேள்விக்கு அவருக்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது.

1939 ஜூனில் டாக்டர் பட்டம், மறுநாளே கல்யாணம். மணப்பெண் டோனா லிண்ட்சே, சமூக சேவைப் படிப்புப் படித்தவர். மாமனார் வசதியான பல் டாக்டர். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி டாக்டர் என்று அச்சடிக்கணும், அதனால பட்டம் வாங்கின பிறகுதான் கல்யாணம். அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு நடுப்பெயர் வேணும். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஜோனஸ் எட்வர்ட் சால்க்கில் இருக்கிற எட்வர்ட். மாமனார்கள் எல்லா ஊரிலும் மாமனார்கள்தான்.

1942-ல் பிரான்சிஸைத் தேடி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918-ல் ஃப்ளூ முகாம் முகாமாகச் சிப்பாய்களைத் தின்றதை அமெரிக்க ராணுவம் மறக்கவில்லை. அதனால் காசுக்குப் பஞ்சமில்லை. கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்து, ஃபார்மலினில் கொன்று, ஏ, பி இரண்டு வகையையும் சேர்த்து ஊசி தயார் பண்ணினார்கள். 1943-ல் சுமார் 12,500 பேரிடம் சோதனை. அவர்களில் பெரும்பாலோர் ராணுவம் பல்கலைக்கழகங்களில் படிக்கவைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள். ஆமாம், நம்ம வயசுப் பசங்க, ஹாஸ்டலில் இருந்தவங்க. பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூவும் சொல்லிவைத்த மாதிரி வந்தது. ஊசி போட்டவர்களில் சுமார் 2.2 சதவீதம் பேருக்கு நோய், போடாதவர்களில் 7.1 சதவீதம். செத்த வைரஸ் மனிதர்களையும் காப்பாற்றும் என்று ஆயிரக்கணக்கானவர்களை வைத்துக் காட்டியாயிற்று.

அதே நேரத்தில் பூமியின் மறுபக்கம், மெல்போர்னில், மேக்பார்லேன் பர்னெட் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். அவர் வைரஸைக் கொல்லவில்லை. முட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனமாக்கி, உயிரோடவே மூக்கில் தெளித்தார். ஃப்ளூ வருவது மூக்கு வழியாக, அதனால் காவலையும் அங்கேயே போடுவோம் என்ற எண்ணம். இந்த வழியை ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டு பல ஆண்டு தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் ஊசிதான் நிலைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏன்னா மீதிக் கதை முழுக்க இதுதான். செத்த வைரஸை ஊசியில் கைத்தசைக்குள் போட்டால், உடம்பு அதைப் பார்த்து ரத்தத்தில் ஆன்டிபாடி தயாரிக்கும், முக்கியமாக ஐஜிஜி என்ற வகை. ஆனால் செத்த வைரஸ் எந்தச் செல்லுக்குள்ளும் புகுந்து பெருகாது. அதனால் தொற்றிய செல்லையே தேடி அழிக்கிற டி செல்களுக்கு அவ்வளவாக வேலை வராது. மூக்கின் ஈரப்படலத்தில் சுரக்கிற ஐஜிஏ வகை ஆன்டிபாடியும் குறைவுதான். உயிருள்ள பலவீன வைரஸை மூக்கில் விட்டால் நிலைமை தலைகீழ். அங்கேயே கொஞ்சம் பெருகும், அங்கேயே ஐஜிஏ வரும், டி செல்களும் விழிக்கும், ஆனால் ரத்தத்தில் ஏறுகிற ஆன்டிபாடி ஊசி அளவுக்கு இருக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு, நம்ம ஆட்கள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்: சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பது. ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்யுதா என்று பார்க்க ரத்தத்தை எடுத்து, எத்தனை மடங்கு நீர்க்க வைத்தும் ஆன்டிபாடி வைரஸைத் தடுக்குது என்று அளப்பார்கள். 40 மடங்கு நீர்த்த பிறகும் தடுத்தால் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. இந்த அளவுகோலில் ஊசி எளிதாக ஜெயிக்கும். மூக்கில் தெளித்த குழந்தைக்கு ரத்தத்தில் அந்த 40 வராமலே பாதுகாப்பு இருக்கலாம். காவல் மூக்கில், மீட்டர் கையில். சரி, அப்போ மூக்குத் தெளிப்புதான் மேலா? அதுவும் இல்லை. பெரியவர்களுக்கு வாழ்க்கையில் பல தடவை ஃப்ளூ வந்து போயிருக்கும். தெளித்த வைரஸைப் பழைய எதிர்ப்பு சக்தியே வாசலில் அடித்துவிடும், புதுசாக எதுவும் கற்றுக்கொள்ளாது. அவர்களுக்கு ஊசியே பொதுவாக நல்லது. ஒரே வைரஸ், ஒரே ஊர், ஆனால் ஆளுக்கு ஆள் விடை வேற.

சால்க்குக்கு ஃப்ளூ இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது, கொஞ்சம் கசப்பாக. 1947-ல் வந்த ஃப்ளூவின் முன்னால் அவர்களுடைய தடுப்பூசி நின்றது, ஆனால் தடுக்கவில்லை. மிச்சிகனில் ஊசி போட்ட மாணவர்களும் போடாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் படுத்தார்கள். ஊசி பழைய வைரஸுக்கு, வந்ததோ உருமாறிய வைரஸ். இன்றைக்கும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியை மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே 1947-ல் சால்க் பிட்ஸ்பர்க் போனார். நகராட்சி மருத்துவமனையின் அடித்தளத்தில் இடம் கொடுத்தார்கள். மேல் மாடிகளில் போலியோ வார்டு. 1952-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்குப் போலியோ, 3,000-க்கு மேல் சாவு. மூச்சுத் தசை செயலிழந்த குழந்தைகள் இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் தலை மட்டும் வெளியே தெரியப் படுத்திருப்பார்கள். கோடை வந்தால் பெற்றோர் நீச்சல் குளத்தையும் சினிமா தியேட்டரையும் கண்டு பயந்தார்கள்.

போலியோ ஃப்ளூ மாதிரி உருமாறுவதில்லை. மொத்தமே மூன்று வகை, அதை உறுதி செய்த அலுப்பான வகைப்படுத்தும் வேலையில் சால்க்கின் லேபும் ஒன்று. 1949-ல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுவிலும் போலியோவை வளர்க்கலாம் என்று காட்டியதும் வழி திறந்தது. குரங்கின் சிறுநீரகச் செல்லில் வளர்ப்பு, ஃபார்மலினில் கொலை. ஃப்ளூவில் கற்ற அதே சமையல்.

எவ்வளவு நேரம் ஊறவைத்தால் எல்லா வைரஸும் சாகும்? சால்க் செமி லாக் தாளில் வரைந்தார். நாம போடே பிளாட் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற அதே தாள். எக்ஸ் அச்சில் நேரம், லாக் அச்சில் உயிருள்ள வைரஸின் அளவு. புள்ளிகள் நேர்க்கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டை அளக்க முடிகிற எல்லைக்குக் கீழேயும் நீட்டி, இத்தனை நாளில் லட்சக்கணக்கான டோஸில் ஒன்றுகூட உயிரோடு இருக்காது என்று கணக்குப் போட்டார். டேட்டா இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டுவது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1952-ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில், ஏற்கெனவே போலியோ வந்து கால் பாதித்த குழந்தைகள் இருந்த ஒரு காப்பகத்தில் முதல் ஊசிகள். பிறகு போல்க் என்ற ஊரில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு நிறுவனத்தில். தங்களுக்காகத் தாங்களே சம்மதம் சொல்ல முடியாதவர்களிடம் செய்த இந்தச் சோதனை இன்றைய எந்த நெறிமுறைக் குழுவையும் தாண்டாது, தாண்டவும் கூடாது. அந்தக் காலத்தில் அது சாதாரணம் என்பது விளக்கம்தான், சமாதானம் ஆகாது. 1953-ல் தனக்கும் மனைவிக்கும் மூன்று மகன்களுக்கும் தானே ஊசி போட்டுக்கொண்டார் என்பதையும் கூடவே எழுதிவிடணும்.

1954-ல் பெரும் சோதனை. சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள். நடத்தியவர் பழைய குரு தாமஸ் பிரான்சிஸ். மருந்தில்லாத ஊசியைச் சில குழந்தைகளுக்குப் போட்டு ஒப்பிடுவது சால்க்குக்குப் பிடிக்கவில்லை. பலன் தரும் என்று தெரிந்த மருந்தைக் குழந்தைக்கு மறுப்பதா என்று அவர் மனசு கேட்கவில்லை. பிரான்சிஸ் விடவில்லை. இதில் நான் பிரான்சிஸ் பக்கம். அந்த ஒப்பீடு இல்லாமல் இருந்திருந்தால் அடுத்த வருஷம் வந்த புயலில் இந்தத் தடுப்பூசியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

1955 ஏப்ரல் 12, மிச்சிகனில் முடிவை அறிவித்தார்கள். பக்கவாதம் வரும் போலியோவை 80 முதல் 90 சதவீதம் தடுக்கிறது. ஊர் ஊராகத் தேவாலய மணி அடித்தார்கள். அன்றைக்கு மேடையேறிய சால்க், வருஷக்கணக்கில் கூட உழைத்த ஜூலியஸ் யங்னர் முதலானவர்களின் பேரைக்கூட எடுக்கவில்லை. பலர் அந்தக் காயத்தை ஆறவே விடவில்லை. அன்றிரவே டிவி பேட்டியில் காப்புரிமை யாருக்கு என்ற கேள்விக்கு மக்களுக்குத்தான் என்று சொல்லி, சூரியனை உதாரணம் காட்டினார். அந்த ஃபார்வர்டு இதுதான். அதற்கு முன்பே அறக்கட்டளையின் வக்கீல்கள் காப்புரிமை கிடைக்குமா என்று ஆராய்ந்து, கிடைக்காது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது ஃபார்வர்டில் வராத பாதி. அதனால சால்க் சின்ன ஆள் ஆகிவிட மாட்டார். ஆனா கதை கொஞ்சம் சாதாரணமாகிடும்.

இரண்டு வாரம்தான். கலிபோர்னியாவின் கட்டர் கம்பெனி தயாரித்த ஊசி போட்ட குழந்தைகளுக்கு, ஊசி போட்ட அதே கை செயலிழக்க ஆரம்பித்தது. சுமார் 40,000 பேருக்கு லேசான நோய். அவர்களும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாகச் சுமார் 200 பேருக்குப் பக்கவாதம், 10 பேர் இறந்தார்கள். செத்த வைரஸ் சாகவில்லை. செல் துணுக்குகளுக்குள் வைரஸ் கட்டி கட்டியாக ஒளிந்துகொண்டால் ஃபார்மலின் உள்ளே போகாது. அப்போது அந்த நேர்க்கோடு கடைசியில் வளைந்து, தரையைத் தொடாமலேயே வால் மாதிரி நீளும். வடிகட்டலும் சோதனையும் இறுக்கப்பட்டன. அதன் பிறகு இப்படி நடக்கவில்லை. வழிமுறை சரி, தயாரிப்பில்தான் கோளாறு என்று சால்க் கடைசி வரை நம்பினார். ஆனால் கோட்டை நீட்டியவர் அவர்தான் என்பதும் உண்மை.

இதுக்காகவே காத்திருந்த மாதிரி வந்தார் ஆல்பர்ட் சேபின். சால்க்கை விட எட்டு வயது மூத்தவர், அதே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்தவர். அவருடைய வழி பர்னெட்டின் வழி. உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ், வாயில் சொட்டாக. அமெரிக்காவில் பெரும்பாலான குழந்தைகள் ஏற்கெனவே சால்க் ஊசி போட்டிருந்ததால், பனிப்போர் நடுவிலும் சோவியத் யூனியனுக்குப் போய் சுமாகோவ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துக் காட்டினார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் சொட்டுக்கு மாறியது. சால்க் ஊசியால் நோய் ஏற்கெனவே பல மடங்கு சரிந்திருந்த நேரம் அது.

சேபினின் வாதம் வலுவானது. போலியோ வாய் வழியாக வந்து குடலில் பெருகும். சொட்டு மருந்து குடலிலேயே ஐஜிஏ உண்டாக்கும், அதனால் வைரஸ் அங்கேயே தடுக்கப்பட்டு அடுத்தவருக்குப் பரவுவது குறையும். சால்க் ஊசி ரத்தத்தில் மட்டும் ஆன்டிபாடி தரும். வைரஸ் குடலிலிருந்து ரத்தம் வழியாகத்தான் நரம்புக்குப் போகணும், அதனால் ஊசி போட்ட குழந்தைக்குப் பக்கவாதம் வராது. ஆனால் குடலில் வைரஸ் தங்கி வெளியே போய்க்கொண்டிருக்கலாம்.

சால்க்கின் பதிலும் லேசானதல்ல. அது நேரத்தைப் பற்றியது. போலியோ உடம்புக்குள் வந்து நரம்பைத் தொட ஒன்று முதல் மூன்று வாரம் வரை எடுக்கும். ஊசியால் பழகிய நினைவுச் செல்கள் எழுந்து ஆன்டிபாடியைக் குவிக்க அந்த நேரம் போதும். ஃப்ளூவில் ஒன்றிரண்டு நாளில் ஆட்டம் தொடங்கிவிடும், வாசலில் ஆள் தயாராக நிற்கணும். அதே செத்த வைரஸ் முறை போலியோவில் ஃப்ளூவை விட நன்றாக ஜெயித்ததன் ரகசியத்தில் பாதி இதில் இருக்கிறது. 1977-ல் மகன் டேரல் சால்க்கோடு சேர்ந்து சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஃப்ளூ, போலியோ இரண்டையும் செத்த வைரஸ் தடுப்பூசியால் கட்டுப்படுத்துவது பற்றி. நாற்பது வருஷம் ஆகியும் மனுஷன் அந்த லெக்சர் ஹாலை விட்டு வெளியே வரவில்லை.

நடுவில் வாழ்க்கை ஓடியது. கலிபோர்னியாவின் லா ஹோயாவில், கடலைப் பார்த்தபடி சால்க் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. வடிவமைத்தவர் லூயி கான், நம்ம ஐஐஎம் அகமதாபாத்தைக் கட்டிய அதே கான். 1968-ல் டோனாவோடு விவாகரத்து, 1970-ல் ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோவோடு திருமணம். நோபல் பரிசு எண்டர்ஸ் குழுவுக்குப் போனது, சால்க்குக்கு வரவே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகூட அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கடைசி ஆண்டுகளில் எய்ட்ஸுக்கும் செத்த வைரஸ் வழியையே முயன்றார், அது பலிக்கவில்லை. 1995 ஜூன் 23-ல் இதயம் நின்றது, வயது 80. சேபின் இரண்டு வருஷம் முன்னாடியே போய்விட்டார். சமாதானம் ஆகவே இல்லை.

வழக்கு மட்டும் முடியவில்லை. சொட்டு மருந்தில் இருக்கும் வைரஸ் உயிருள்ளது, அதனால் சுமார் 25 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் அதுவே பக்கவாதம் தரும். இயற்கைப் போலியோ ஒழிந்த நாட்டில், வருஷத்துக்கு எட்டு பத்து குழந்தைகளுக்கு மருந்தால் மட்டுமே போலியோ வருவதை எப்படி ஏற்பது? 2000-ல் அமெரிக்கா முழுசாக ஊசிக்குத் திரும்பியது. அதைப் பார்க்கச் சால்க் இல்லை. ஆனால் 2013-ல் இஸ்ரேலில் சேபின் சொன்னதும் நடந்தது. ஊசி மட்டும் போட்டுவந்த அந்த நாட்டின் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் மாதக்கணக்கில் ஓடியது, ஒரு குழந்தைக்கும் பக்கவாதம் இல்லை. குழந்தைகள் பத்திரம், வைரஸும் பத்திரம். உடனே சொட்டு மருந்தைக் கொண்டுவந்தார்கள்.

நம்ம ஊரில் கதை இன்னும் வேற மாதிரி. சொட்டு மருந்து இங்கே எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை, மூன்று டோஸ் கொடுத்தும் பல குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வருவதில்லை என்பதை வேலூர் சிஎம்சியில் டி. ஜேக்கப் ஜானும் குழுவினரும் 1970-களிலேயே காட்டினார்கள். பல தவணை கொடுத்துத்தான் இந்தியா ஜெயித்தது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். அதற்கப்புறம் வேலூரிலும், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் நடந்து 2014-ல் வெளியான ஆய்வுகள் இரண்டு பேருக்குமே பதில் சொல்லின. ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த குழந்தைக்கு ஒரு சால்க் ஊசி போட்டால், அதன் பிறகு குடலில் வைரஸ் தங்குவது நன்றாகக் குறைந்தது. மொராதாபாத்தில் இன்னொரு தவணை சொட்டோடு நேரடியாக ஒப்பிட்டும் பார்த்தார்கள், ஊசியே முந்தியது. செத்த வைரஸால் குடலுக்குப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் உயிருள்ள வைரஸ் ஒரு தடவை எடுத்துவிட்டுப் போன பாடத்தை நன்றாக ஞாபகப்படுத்த முடியும்.

2015 நவம்பரில் இந்தியா ஊசியையும் அட்டவணையில் சேர்த்தது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஆறு வாரக் குழந்தைக்கு நர்ஸ் அக்கா வாயில் இரண்டு சொட்டு விடுவார், வலது மேல் கையில் தோலுக்குள் 0.1 மில்லி ஊசியும் போடுவார். குழந்தை அழுவது ஊசிக்கு மட்டும்தான்.